பேச்சலரெட் பார்ட்டியில் ஆட யாரை அழைப்பது: தெரிந்த பையனா, தொழில்முறை ஆளா?

கல்யாணத்துக்கு முன் பெண்ணும் தோழிகளும் சேர்ந்து கொண்டாடுகிற பேச்சலரெட் பார்ட்டிகளில் இதுவரை ஐந்தை முன்னின்று நடத்தியிருக்கிறேன். இரண்டுக்குத் தொழில்முறை ஆட்டக்காரர் வந்தார். ஒன்றுக்குத் தோழி ஒருத்தியின் ஜிம் நண்பர் வந்து ஆடினார். ஒன்றில் கல்யாணப் பெண்ணோடு வேலை பார்க்கும் நான்கு பேர் வேடம் போட்டு ஆடினார்கள். இன்னொன்றுக்கு யாரையும் அழைக்கவில்லை. பெண்கள் எல்லோரும் டிக்கெட் எடுத்து ஒரு மேடை நிகழ்ச்சிக்குப் போய் வந்தோம். நான்கு நன்றாக நடந்தன, ஒன்று சரியாக அமையவில்லை. கீழே எழுதியிருப்பதில் பாதி அந்த ஒன்றில் கற்றுக்கொண்டது.

ஆள் தேடும்போது பெரும்பாலோர் இரண்டே விஷயத்தைப் பார்க்கிறார்கள்: பணம் எவ்வளவு, ஆள் பார்க்க எப்படி இருக்கிறார். இந்த இரண்டுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு பெண் சிரித்துக்கொண்டே "வேண்டாம்" என்று சொன்னால், அது இவருக்குப் புரியுமா? அமெச்சூர் ஆளோ தொழில்முறை ஆளோ, யாரைத் தேர்ந்தெடுத்தாலும் நான் இதை வைத்துத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கல்யாணப் பெண்ணிடம் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள்

சர்ப்ரைஸாக வைத்திருந்தால்தான் சுவாரசியம் என்று யாராவது ஒருத்தி கட்டாயம் சொல்வாள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எந்த நாள், எந்த ஆள், எந்த வேடம் என்பதெல்லாம் ரகசியமாக இருக்கட்டும். ஆனால் ஓர் ஆண் வந்து ஆடப்போகிறார் என்பதும், எந்த அளவுக்கு என்பதும் கல்யாணப் பெண்ணுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

கேட்கும் முறையும் முக்கியம். வாட்ஸாப் குழுவில் கேட்டால் அவளால் உண்மையைச் சொல்ல முடியாது. பத்துப் பேர் சிரிக்கும் பொம்மை போட்ட பிறகு "வேண்டாம்" என்று எழுத யாருக்கு மனம் வரும்? தனியாகப் பேசுங்கள். "ஸ்ட்ரிப்பர் வேண்டுமா?", அதாவது உடை களைந்து ஆடுபவர் வேண்டுமா என்று மொட்டையாகக் கேட்டால் வெட்கப்பட்டு "ஐயோ வேண்டாம்" என்பாள், அல்லது வீம்புக்கு "சரி" என்பாள். இரண்டையும் நம்ப முடியாது. நான் படிப்படியாகக் கேட்பேன். முழு உடையோடு ஆடினால் சரியா? சட்டையைக் கழற்றினால்? உன்னை நடுவில் நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றி ஆடினால்? உன்னைத் தொட்டால்? மடியில் உட்கார்ந்தால்? எந்தப் படியில் அவள் குரல் மாறுகிறதோ, அதற்கு ஒரு படி முன்னாலேயே நின்றுவிடுங்கள். "பார்க்கலாம்" என்று அவள் இழுத்தால் அதை "வேண்டாம்" என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே பேச்சில் இன்னொன்றையும் கேளுங்கள்: யார் எதிரில் இது நடக்கக்கூடாது? வருங்கால மாமியாரோ அத்தையோ அலுவலக மேலாளரோ வருவதாக இருந்தால், நிகழ்ச்சியை இரண்டாகப் பிரித்துவிடலாம். எல்லோருக்குமானது முதலில், ஆட்டம் பிறகு, அவர்கள் கிளம்பிய பின். மற்ற விருந்தினர்களிடமும் ஒரு வரி சொல்லி வைக்க வேண்டும். ஒருத்திக்கு இதெல்லாம் பிடிக்காமல் இருக்கலாம். அவள் முன்னதாகவே கிளம்ப வழி இருக்க வேண்டும், அதற்கு அவள் காரணம் சொல்லும்படி வைக்கக்கூடாது. அப்புறம், வருகிறவர்கள் எல்லோருக்கும் பதினெட்டு நிரம்பியிருக்க வேண்டும். அக்கா மகள் பதினாறு வயதுப் பெண், "அவள் பாட்டுக்கு ஓரமாக இருப்பாள்" என்பதற்கெல்லாம் இங்கே இடமே இல்லை.

அமெச்சூர் யார், தொழில்முறை யார்

முழுநேரமாக இதையே செய்கிறவர்தான் தொழில்முறை ஆள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நிறைய நல்ல ஆட்டக்காரர்கள் பகலில் ஜிம்மில் பயிற்சியாளர், வாரக் கடைசியில் ஆட்டம் என்று இருப்பவர்கள். நான் வேறு மாதிரி பிரிப்பேன். தெரியாத பெண்கள் நிறைந்த அறைகளில் பல முறை ஆடியவர், தன் எல்லை எது உங்கள் எல்லை எது என்று முன்கூட்டியே பேசுகிறவர், எழுதிக் கொடுக்கத் தயங்காதவர், இவர் தொழில்முறை. நட்புக்காகவோ ஆசைக்காகவோ, "ஒரு தடவை செய்து பார்ப்போமே" என்றோ வருகிறவர் அமெச்சூர். உடம்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நான் பார்த்ததில் பிரமாதமான உடற்கட்டு அமெச்சூருக்குத்தான் இருந்தது.

இந்தத் தொழில் எப்படி உருவானது என்று தெரிந்தால் இந்த வேறுபாடு இன்னும் நன்றாகப் புரியும். சிப்பன்டேல்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1979இல் லாஸ் ஏஞ்சலஸில் ஓர் இரவு விடுதியில் பெண்களுக்கு மட்டும் என்று தொடங்கிய ஆட்டம் அது. விடுதியின் உரிமையாளர் சோமன் பானர்ஜி, இந்தியாவிலிருந்து அமெரிக்கா போனவர். தொடக்கத்தில் இளைஞர்கள் மேடையேறிப் பாட்டுக்கு ஏற்ப ஆடி உடை களைவது, அவ்வளவுதான். சில ஆண்டுகளில் நிக் டி நோயா என்ற நடன இயக்குநர் வந்தார். தொலைக்காட்சியில் எம்மி விருது வாங்கியவர். அவர் வந்த பிறகு ஒத்திகை வந்தது, கதை மாதிரியான காட்சிகள் வந்தன, யார் எப்போது எங்கே நிற்க வேண்டும் என்ற கணக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் ஊர் ஊராகக் கொண்டுபோகிற நிகழ்ச்சியாக அது வளர்ந்தது. இருவருடைய கதையும் பின்னால் ஒரு கொலை வழக்கு வரை போனது. அது தனிக்கதை, இங்கே வேண்டாம். ஒழுங்கும் ஒத்திகையும் வந்ததால்தான் இது தொழிலாயிற்று என்பது மட்டும் நமக்குப் போதும்.

சட்டை இல்லாமல் கழுத்தில் வெள்ளைக் காலரும் போ டையும் (பட்டாம்பூச்சி வடிவ டை), மணிக்கட்டில் வெள்ளைக் கஃப்பும் போட்டுக்கொண்டு வருவார்களே, அந்தத் தோற்றமும் அவர்களுடைய வர்த்தக அடையாளமாகப் பதிவானது. அதைப் பற்றி நீதிமன்றம் வரை வழக்கு போய் 2010இல் தீர்ப்பு வந்திருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் காலரும் கஃப்பும் மாட்டிப் படம் எடுத்துப் போட்டுவிட்டு "சிப்பன்டேல்ஸ் ஆட்டக்காரர்" என்று சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு. உடையைப் பார்த்து ஏமாறாதீர்கள். எந்தக் குழுவில், எந்த ஆண்டுகளில், எந்த அரங்கில் ஆடினார் என்று கேளுங்கள். உண்மையிலேயே ஆடியவர் மூச்சு விடாமல் சொல்வார்.

அந்த ஒரு பார்ட்டி

ஜிம் நண்பர் வந்த பார்ட்டி என் நெருங்கிய தோழியுடையது. பன்னிரண்டு பெண்கள். அவர் நல்ல பையன், கெட்ட எண்ணம் துளியும் இல்லை என்று இப்போதும் சொல்வேன். மூன்று வாரம் கண்ணாடி முன்னால் பயிற்சி எடுத்து வந்திருந்தார். முதல் இரண்டு பாட்டும் நன்றாகவே போயின. மூன்றாவது பாட்டில் கல்யாணப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்து நடுவில் நாற்காலியில் உட்கார வைத்தார்.

அவள் சிரித்தாள். ஆனால் அவளுடைய வலது கை, இடது கை வாட்ச்சின் பட்டையைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தது. முழங்கால் இரண்டும் இறுக ஒட்டியிருந்தன. "போதும், போதும்" என்றாள், சிரித்தபடியே. சுற்றி நின்றவர்கள் கைதட்டி "இன்னும், இன்னும்" என்று கத்தினோம். அவர் காதில் விழுந்தது எங்கள் சத்தம்தான். அவள் கையை அவர் பார்க்கவில்லை. நானும் அந்த நேரத்தில் கைதட்டிக்கொண்டுதான் இருந்தேன். வாட்ச் பட்டை என் கண்ணில் பட்டபோது பாட்டு முடிய இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. அந்த ஒரு நிமிடம் நான் எழுந்து போய்ப் பாட்டை நிறுத்தவில்லை. முடிந்ததும் அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கால் மணி நேரம் ஆயிற்று வெளியே வர.

அவர் பக்கமும் ஒன்று நடந்தது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விருந்தினர்களில் ஒருத்தி அவர் இடுப்பில் கை வைத்து பெல்ட்டை இழுத்துக்கொண்டே இருந்தாள். அவர் இரண்டு முறை விலகினார், மூன்றாம் முறை அப்படியே நின்றுவிட்டார். என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பெண்கள் கூட்டத்தில் ஓர் ஆண் "கையை எடுங்கள்" என்று சொன்னால் சிரிப்பார்களே என்ற கூச்சம். தண்ணீர்கூடக் குடிக்காமல் சட்டையைக் கையில் பிடித்தபடி கிளம்பிப் போனார். அழைத்து வந்தவள் நான். அவரையும் நான் காப்பாற்றியிருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு என் சித்தி மகளுக்குத் தொழில்முறை ஆள் ஒருவரைப் பிடித்தோம். உடம்பில் முன்னவரைவிட ஒரு படி கீழேதான். அவரும் நாற்காலியை எடுத்து நடுவில் போட்டார். ஆனால் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அவள் எதிரே மண்டியிட்டு, அவள் கண் மட்டத்துக்குத் தன் முகம் வரும்படி உட்கார்ந்து, உள்ளங்கையை மேலே விரித்து நீட்டினார். அப்படியே காத்திருந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, எல்லோரும் கத்துகிறார்கள், அவர் அவள் முகத்தை மட்டும் பார்க்கிறார். அவள் கையை வைத்த பிறகுதான் எழுந்தார். பிறகு ஒரு விருந்தாளி அவர் பெல்ட்டில் கை வைத்தபோது, அந்தக் கையை மெதுவாக எடுத்து, அதில் ஒரு முத்தம் கொடுத்து, அவள் மடியிலேயே வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். அவளுக்கும் முகம் வாடவில்லை, ஆட்டமும் நிற்கவில்லை. நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இதற்குத்தான்.

அமெச்சூர் ஆள் எப்போது சரியாக வரும்

அதற்காக அமெச்சூர் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அலுவலக நண்பர்கள் நான்கு பேர் ஆடினார்களே, அந்த இரவுதான் ஐந்திலும் அதிகமாகச் சிரித்த இரவு. காரணம், அங்கே யாரும் உடை களையவில்லை. ஒருவர் தீயணைப்பு வீரர், ஒருவர் மருத்துவர், ஒருவர் கட்டடத் தொழிலாளி, ஒருவர் சமையல்காரர். அதிகபட்சம் ஒருவர் ஏப்ரனைக் கழற்றி வீசினார், அதற்குள்ளே இன்னொரு ஏப்ரன். கல்யாணப் பெண்ணுக்கு நால்வரையும் ஆறு வருடமாகத் தெரியும். நால்வர் இருந்ததால் ஒருவர் அடி மறந்தாலும் மற்றவர்கள் தாங்கிக்கொண்டார்கள்.

ஆகவே அமெச்சூர் என்றால் மூன்று நிபந்தனை வைப்பேன். ஒன்று, உடை விஷயம் சட்டையைக் கழற்றுவதோடு நிற்க வேண்டும், அதுவும் அவராக விரும்பினால். இரண்டு, கல்யாணப் பெண்ணுக்கு அவரை ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும், அவர் வருவதும் பிடித்திருக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு: நாளைக்கு அதே ஆளை அலுவலகத்திலும் கல்யாண வரவேற்பிலும் பார்க்க வேண்டும். பார்த்தால் சங்கடமாகிற எதையும் ஆட்டத்தில் வைக்கக்கூடாது. அவளுடைய பழைய காதலராகவோ, அவள் மேல் ஒரு காலத்தில் ஆசைப்பட்டவராகவோ இருந்தால் பேச்சே வேண்டாம். மூன்று, அந்த இடத்திலேயே ஒரு முறை முழு ஒத்திகை பார்க்க வேண்டும். ஒத்திகையில் நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள். உட்கார்ந்து, சிரித்தபடி "போதும்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் நிற்கிறாரா? நிற்காமல் இன்னும் நெருங்கி வந்தால், அன்றைக்கே நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். அன்று என் தோழிக்கு நான் இதைச் செய்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இலவசம் என்பதற்காக மட்டும் அமெச்சூரைப் பிடிக்காதீர்கள். பணம் வாங்காதவரிடம் "இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே" என்று சொல்ல நமக்கே வாய் வராது. குறைந்தது போக்குவரத்துச் செலவும் ஒரு நல்ல பரிசும் கொடுங்கள்.

தொழில்முறை ஆளைத் தேடும்போது

முதலில், என்ன வேலைக்கு ஆள் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். ஆடி உடை களைபவர் ஒரு வகை. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்தப் பார்ட்டிக்கு ஹென் பார்ட்டி என்று பெயர். அங்கே இன்னொரு வகை ரொம்பப் பிரபலம். வெற்றுடம்பில் ஏப்ரனும் போ டையும் மட்டும் போட்டு, பானம் பரிமாறி, விளையாட்டு நடத்திக் கொடுக்கும் பட்லர்கள். ஆட்டம் இல்லை, தொடுதல் இல்லை, அவர்பாட்டுக்குப் புழங்கிக்கொண்டிருப்பார். மூன்றாவது வகை, ஓவியத்துக்கு மாடலாக நிற்பவர். ஆசிரியர் ஒருவர் வந்து சொல்லிக்கொடுக்க, எல்லோரும் கையில் பென்சிலோடு வரைய வேண்டியதுதான். கல்யாணப் பெண் கூச்ச சுபாவம் என்றால் இந்த மூன்றாவதை நான் அடித்துச் சொல்வேன். பார்ப்பதற்கு ஒரு காரணமும், கைக்கு ஒரு வேலையும் இருப்பதால் பத்து நிமிடத்தில் கூச்சம் போய்விடும்.

ஏஜென்சி மூலம் பிடிப்பதா, நேரடியாகப் பேசுவதா? ஏஜென்சியில் ஒரு வசதி உண்டு: ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று ஆள் அனுப்புவார்கள். ஒரு தொல்லையும் உண்டு: படத்தில் ஒருவர், வாசலில் வேறொருவர். என் சித்தி மகள் பார்ட்டிக்கு முதலில் பேசிய ஏஜென்சி, "யார் வருவார் என்று அன்றைக்குத்தான் தெரியும்" என்றது. அதோடு விட்டுவிட்டோம். வருபவரோடு ஒரு முறையாவது வீடியோ அழைப்பில் பேச விட வேண்டும். விடாத இடத்தில் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

படங்களை நம்பிப் பயன் இல்லை. வெட்டி ஒட்டாத, ஐந்து நிமிடமாவது தொடர்ந்து ஓடும் ஒரு வீடியோ கேளுங்கள். அதில் அவர் ஆடுவதைவிட, எதிரில் இருக்கும் பெண்களின் முகத்தைப் பாருங்கள். நாற்காலியில் இருப்பவள் பின்னால் சாய்கிறாளா, முன்னால் வருகிறாளா? சாய்ந்தபோது அவர் என்ன செய்கிறார்?

போனில் பேசும்போது நான் கேட்பவை இவை. ஆட்டம் எத்தனை நிமிடம்? (பதினைந்திலிருந்து இருபத்தைந்து நிமிடம் ஒரு அறைக்குத் தாராளம், ஒரு மணி நேரம் என்பவர் பெரும்பாலும் இடையில் விளையாட்டு வைத்து ஓட்டுகிறார்.) உடை எது வரைக்கும்? எண்ணெய், கிரீம், மெழுகுவத்தி மாதிரி ஏதாவது கொண்டு வருகிறாரா? கூட யாராவது வருவார்களா? பல தொழில்முறை ஆட்டக்காரர்கள் தங்கள் பாதுகாப்புக்கும் பாட்டைப் பார்த்துக்கொள்ளவும் ஒரு துணையாள் கூட்டி வருவது உண்டு. அதற்காகப் பயப்பட வேண்டாம், அவர் பெயரையும் முன்பே வாங்கி வைத்துக்கொண்டால் போதும். விபத்துக் காப்பீடு இருக்கிறதா? யாராவது வழுக்கி விழுந்தாலோ ஹோட்டல் பொருள் உடைந்தாலோ யார் பொறுப்பு? ரத்து செய்தால் அட்வான்ஸில் எவ்வளவு திரும்ப வரும்?

கடைசியாக ஒரு கேள்வி கேட்பேன்: "ஒரு பெண்ணுக்குப் பிடிக்கவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" நல்ல ஆட்டக்காரர் இதற்குக் கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொல்வார். தோள், கை, கண் எங்கே போகிறது என்று விவரமாகவே சொல்வார். "பிடிக்காமல் இருந்ததே இல்லை" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவரை அழைக்கவில்லை.

அவர் திருப்பி உங்களைக் கேட்பதும் நல்ல அறிகுறி. எத்தனை பேர், எந்த வயது, கல்யாணப் பெண்ணுக்கு முதுகு வலி உண்டா, கர்ப்பமாக யாராவது இருக்கிறார்களா, தூக்கிச் சுற்றலாமா, இதெல்லாம் கேட்கிறவர் அனுபவம் உள்ளவர். ஆட்டத்தைத் தாண்டி வேறு ஏதாவது "சேவை" என்று அவரோ ஏஜென்சியோ ஜாடையாகப் பேசினால், அல்லது உங்கள் கூட்டத்தில் யாராவது அப்படிக் கேட்டால், அங்கேயே முற்றுப்புள்ளி வையுங்கள்.

பேசியதை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்: தேதி, நேரம், இடம், நிமிடம், உடை எல்லை, தொடுதல் எல்லை, படம் எடுக்கலாமா, பணம், ரத்து. வழக்கறிஞர் மொழி வேண்டாம். வாட்ஸாப்பில் அனுப்பி "சரி" என்று பதில் வாங்கினால்கூடப் போதும். எழுதும்போதுதான் இருவருக்கும் புரிதல் எங்கே வேறுபடுகிறது என்று தெரியவரும். "சட்டை இல்லாமல்" என்று நான் எழுதியதற்கு, "அப்புறம் கால்சட்டை?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வி பார்ட்டி நடுவில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

இடமும் சட்டமும்

நடத்தப்போகும் இடத்தில் முதலிலேயே அனுமதி கேளுங்கள். வாடகை வீடு, ஹோட்டல் அறை, உணவகத்தின் தனி அறை எல்லாவற்றுக்கும் ஒரு விதி இருக்கும். மறைத்து வைத்துவிட்டு நடுவில் காவலாளி கதவைத் தட்டினால் அந்த இரவே கெட்டுப்போகும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படிப்பட்ட ஆட்டத்தை வழக்கமாக நடத்தும் இடத்துக்குத் தனி உரிமம் கேட்கலாம். பன்னிரண்டு மாதத்தில் பதினொரு முறைக்கு மேல் போகாமல், இடையில் ஒரு மாதமாவது விட்டு நடத்தும் இடத்துக்கு விலக்கு உண்டு. சில நாடுகளில் பொது இடத்தில் உடை களைவதே குற்றம். உங்கள் ஊரில் எப்படி என்று தெரிந்துகொண்ட பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

வீட்டில் நடத்த இடமோ துணிச்சலோ இல்லை என்றால் மேடை நிகழ்ச்சி இருக்கவே இருக்கிறது. லாஸ் வேகஸில் சிப்பன்டேல்ஸும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தண்டர் ஃப்ரம் டவுன் அண்டரும் பல ஆண்டுகளாக ஆடி வருகின்றன. இப்படிப்பட்ட குழுக்கள் பல ஊர்களுக்குச் சுற்றுப்பயணமும் போகின்றன. பெரிய வசதி என்னவென்றால், மேடைக்குப் போவதும் போகாததும் அவரவர் விருப்பம். கல்யாணப் பெண் வரிசையின் நடுவில் உட்கார்ந்தால் பெரும்பாலும் யாரும் வந்து இழுக்க மாட்டார்கள். ஓரத்து இருக்கை கொடுத்துவிடாதீர்கள். ஆட்டக்காரர்கள் இறங்கி வரும் வழி அதுதான்.

அறையை எப்படி வைப்பது

கைப்பிடி இல்லாத, சக்கரம் இல்லாத, கனமான நாற்காலி ஒன்று. பிளாஸ்டிக் நாற்காலி கூடவே கூடாது, கால் விரிந்துவிடும். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு மீட்டர் காலி இடம். மேலே தாழ்வாகத் தொங்கும் விளக்கு, மின்விசிறி இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவரைத் தோளில் தூக்கினால் எவ்வளவு உயரம் போகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வழவழப்பான தரையில் எண்ணெய் சொட்டினால் அடுத்து யாருக்காவது கால் பிசகும், ஆகவே எண்ணெய் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், வேண்டும் என்றால் அடியில் பழைய போர்வை விரியுங்கள்.

அவர் உடை மாற்ற உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, தண்ணீர், இரண்டு துண்டு. பாட்டு அவர் போனில் ஒரு படி, உங்கள் போனில் ஒரு படி. ஸ்பீக்கரை முன்பே இணைத்துப் பார்த்து, அந்தப் போனை விமானப் பயன்முறையில் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் நல்ல கட்டத்தில் யாருடைய அம்மாவாவது அழைப்பார்.

போன்களுக்கு ஒரு கூடை வைத்தோம். உள்ளே வரும்போதே போட்டுவிட வேண்டும். முணுமுணுப்பு வந்தது, ஆனால் நான் விடவில்லை. ஒரு பதினைந்து விநாடி வீடியோ ஒரு பெண்ணின் கல்யாணத்தையும், அந்த ஆளின் பகல் வேலையையும் சேர்த்துக் கெடுக்கும். நினைவுக்குப் படம் வேண்டுமென்றால், ஆட்டம் முடிந்து அவர் சட்டை போட்ட பிறகு, அவர் சம்மதத்தோடு ஒரே ஒரு கூட்டுப் படம், கல்யாணப் பெண்ணின் போனில் மட்டும்.

அன்று இரவு

ஆட்டத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆனால் குடி அதிகமாவதற்கு முன்னால் வையுங்கள். குடிக்கிற கூட்டமாக இருந்தால் இந்த நேரக் கணக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். மயக்கத்தில் இருப்பவளின் "சரி"யை ஒரு சரியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆட்டக்காரரும் அன்று குடிக்கக்கூடாது. கொடுத்துப் பார்த்தால் நல்ல ஆள் தண்ணீர்தான் கேட்பார்.

தொடங்குவதற்கு முன் எல்லோருக்கும் நீங்கள் எழுந்து இரண்டு வரி சொல்லுங்கள்: அவராகக் கை கொடுத்தால் தவிர யாரும் அவரைத் தொடக்கூடாது, யாராவது "வேண்டாம்" என்றால் மற்றவர்கள் வற்புறுத்தக்கூடாது. சிரித்த முகத்தோடு சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

கல்யாணப் பெண்ணோடு ஒரு ஜாடை பேசி வையுங்கள். நாங்கள் வைத்தது, முடியை எடுத்து வலது காதுக்குப் பின்னால் விடுவது. அதைப் பார்த்தால் நான் பாட்டை நிறுத்துவேன், ஆட்டக்காரருக்கும் அந்த ஜாடை தெரியும். அதனால் ஸ்பீக்கரோடு இணைத்த போன் என் கையிலேயே இருந்தது, ஆட்டம் முழுக்க நான் அவள் முகம் தெரிகிற இடத்தில் நின்றேன். அன்று இரவு நான் ஆட்டத்தை ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. முன்னின்று நடத்துகிறவளுக்கு அதுதான் வேலை.

மீதிப் பணத்தை உறையில் போட்டு, அவர் உடை மாற்றி வந்ததும் கொடுத்துவிடுங்கள். டிப்ஸ் தருவதாக இருந்தால் அதிலேயே வைத்துவிடலாம்; உடையில் செருகுவதெல்லாம் அவர் முன்பே சரி என்று சொல்லியிருந்தால் மட்டும். யாராவது ஒருத்தி வாசல்வரை கூடப் போய் வழியனுப்ப வேண்டும், வண்டி வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

சித்தி மகள் பார்ட்டியில் வழியனுப்பப் போனது நான். உறையை வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டு, எண்ணிக்கூடப் பார்க்காமல், "ஜன்னல் பக்கம் பச்சை உடையில் உட்கார்ந்திருந்தாரே, அவர் நன்றாக இருக்கிறாரா?" என்று கேட்டார். எங்கள் கூட்டத்தில் அதிகம் பேசாதவள் அவள். ஆட்டம் முழுக்க அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பி வந்து அவளிடம் கேட்டேன். "நல்லா இருந்தது, நான் தள்ளி இருந்துதான் பார்க்க நினைத்தேன், அவர் விட்டுவிட்டார்" என்றாள்.